மறுத்தேன் என்னும் சொல்

கேட்ட கதை பொய்யாக இருக்கலாம். கேட்கும்போது வரும் பயம் பொய்யில்லை. இது அப்படி ஒரு கதை.

மலையடிவாரத்தில் ஒரு கல்மடம். அதை நடத்தி வந்தவர் ஓர் அம்மை. நாற்பது வயதுகூட நிரம்பாதவர். அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் ராக்கியண்ணன் என்பவருக்குத் தலை முழுக்க நரை. குருவைவிட மூத்த சீடர்.

மடத்துக்கு வரும் முன் ராக்கியண்ணன் பாளையக்காரர் சபையில் வாதம் செய்து பெயர் வாங்கியவர். எதிராளி பேசி வாய் மூடுவதற்குள் எழுந்துவிடுவார். வலக்கையை உயர்த்தி, "மறுத்தேன்!" என்பார். அந்தக் குரலுக்கே பாதிப் பேர் அடங்குவார்கள். மீதிப் பேரை அவர் பேச்சு அடக்கும்.

அவர் வந்த அன்றே அம்மை சொல்லிவிட்டார்.

"இங்கே இருக்கும்வரை அந்தச் சொல் வேண்டாம்."

"எதுவரை அம்மா?"

"அதன் பொருள் உங்களுக்குத் தெரியும்வரை."

நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் விழுங்குவது? மழைக்காலம் பிறந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. அம்மை முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ராக்கியண்ணன் எதிரே போய் உட்கார்ந்தார்.

"மறுப்பு என்றால் என்ன அம்மா? ஒருவன் சொன்னது பிழை என்று காட்டுவதுதானே?"

"யாருக்குக் காட்டுவது?"

"சபைக்கு."

"சரி, காட்டியாயிற்று. அப்புறம்?"

"அப்புறம் என்ன? வென்றாயிற்று."

அம்மை, புழு அரித்த இலை ஒன்றைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ தடுமாறி விழும் சத்தம் கேட்டது.

விழுந்தவள் பூவாத்தாள். கீழே ஆற்றங்கரை ஊரின் மருத்துவச்சி. சேலை முழங்கால்வரை சேறு. இடுப்பில் மருந்துப் பை. ஒரு காதில் தோடு இல்லை. பிய்த்த இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது.

"சாமி, என்னை ஆத்துக்கு அக்கட்டால கொண்டுபோய் உடப் போறாங்க" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. பற்கள் கிட்டித்துக்கொண்டன.

ராக்கியண்ணன் தண்ணீர் கொண்டு வந்தார். அம்மைதான் புகட்டினார்.

விஷயம் இதுதான். அந்த வருசம் மழையோடு கூடவே குழந்தைக் காய்ச்சலும் வந்தது. தெருவுக்குத் தெரு இழவு. முந்தாநாள் ஊர் மணியகாரர் சென்னியப்பனின் கைக்குழந்தையும் போய்விட்டது. அவர் குழியை மூடிவிட்டு வந்து, நேராக ஊர் அம்பலத்தில் ஏறிச் சொன்னாராம்: "பூவாத்தாள் கால் வெச்ச ஊட்டுலயெல்லாம் சாவு. அவதான் எமன்."

எமன் என்று தீர்ப்பானவருக்கு அந்த ஊரில் ஒரே தண்டனை. பொழுது சாயும் நேரம் பரிசலில் ஏற்றி, அக்கரைக் காட்டில் இறக்கிவிட்டு, பரிசல் திரும்பிவிடும். பிறகு யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள். எப்போதாவது ஒரு சேலை கரை ஒதுங்கும். அதை யாரும் தொட மாட்டார்கள்.

"நாளைக்குப் பொழுதோட சபைங்க சாமி" என்றாள் பூவாத்தாள். "எனக்காகப் பேச ஒரு நாதியில்லை. பேசறதுக்கும் பயப்படுவாங்க. தோத்தா அவங்களும் பரிசல் ஏறணுமே."

அதுதான் அந்த ஊர் வழக்கம். அம்பலத்தின் நடுவில் ஒரு கருங்கல் இருந்தது. மறுத்துப் பேச வருகிறவர் தம் தலையில் கட்டிய உருமாலையை அவிழ்த்து அந்தக் கல்லின்மேல் வைக்க வேண்டும். வென்றால் உருமாலை தலைக்கு வரும். தோற்றால், யாருக்காகப் பேசினாரோ அவரோடு சேர்ந்து வெறுந்தலையோடு ஆறு தாண்ட வேண்டும்.

இன்னொரு கட்டும் உண்டு. எடுத்த எடுப்பில் மறுத்துவிட முடியாது. குற்றம் சொன்னவரின் பேச்சை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் கேட்டுவிட்டு, "ஆமாம், அதேதான்" என்று ஒப்ப வேண்டும். அதன் பிறகுதான் மறுப்பு.

அம்மை ராக்கியண்ணனைப் பார்த்தார்.

"நாளைக்கு நீங்கள் பேசுங்கள்."

பாளையக்காரர் சபையில் தோற்றால் ஒரு பட்டுத்துண்டு போகும். இங்கே உயிர் போகும்.

"நீங்களே பேசலாமே அம்மா. உங்கள் சொல்லை ஊர் தட்டாதே."

"தட்டாது. மடத்துக்குப் பயந்து தலையை ஆட்டும். இப்போது அவளுக்குப் பயப்படுகிறது, அப்போது எனக்குப் பயப்படும். அது மறுப்பாகுமா?"

ராக்கியண்ணன் தம் உருமாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மணியகாரர் வீட்டுக்குப் போங்கள்" என்றார் அம்மை. "அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள். நடுவில் பேச வேண்டாம்."

இழவு வீட்டு வாசல். எதிரியே வந்தாலும் உட்கார இடம் காட்டும் மண் அது. சென்னியப்பன் எழுந்திருக்காமல் திண்ணையைக் கை காட்டினார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"அவளுக்குப் பரிஞ்சு பேச வந்தீங்களாக்கும்."

"இல்லீங்க. உங்கள் சொல்லைக் கேட்க வந்தேன்."

உள்ளே உத்தரத்தில் சேலைத்தொட்டில் இன்னும் அவிழ்க்காமல் தொங்கியது. வெறும் தொட்டில். காற்றில் லேசாக ஆடியது. அதன் பக்கம் பார்க்காமல் சென்னியப்பனின் மனைவி நல்லக்காள் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"கரியண்ணன் ஊட்டுக்குப் போனா. விடிஞ்சா எழவு" என்று தொடங்கினார் சென்னியப்பன். "தறிக்காரர் ஊட்டுக்குப் போனா. அங்கயும் எழவு. கோயிலுக்குப் பின்னால இருக்கிற ஊட்டுல இரட்டைப் புள்ளைங்க. ரெண்டுக்கும் அவதான் மருந்து குடுத்தா. ரெண்டும் ஒண்ணாப் போச்சு. கடைசியில என் ஊட்டுக்கு வந்தா. எம் பையன் அவ மடியில கெடந்தான். அவ மொகத்தைப் பார்த்துட்டே இருந்தான். அப்படியே கண்ணு நின்னுபோச்சு. நான் பார்த்தனுங்க. நீங்க பாக்கலை."

உயரப் பார்த்த வலக்கையை ராக்கியண்ணன் மடியில் அமுக்கிக்கொண்டார்.

"பெரிய வாதக்காரர்னு சொல்றாங்க உங்களை. நாளைக்கு எந்திரிச்சு நின்னு, நீ பார்த்தது பொய்யுன்னு சொல்லுவீங்களா? சொல்லிப்போடுங்க. எம் பையன் செத்ததும் பொய்யாப் போகட்டும்."

அறைக்குள்ளிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். கையில் பொரி உருண்டை. கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள். நல்லக்காள் பதறி எழுந்து அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அவளுக்கும் ஒடம்பு சரியில்லீங்க" என்றாள், யாரும் கேட்காமலே.

ராக்கியண்ணன் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

மடம் வரை நடந்த நடை அவருக்கு நினைவில் இல்லை. காதில் ஒரே பேச்சு. போனாள், செத்தது. போனாள், செத்தது. முதலில் அது சென்னியப்பனின் குரலில் கேட்டது. பாதி வழியில் தன் குரலில் கேட்டது.

மடத்தில் பூவாத்தாள் அடுப்பருகே இருந்தாள். அழுது ஓய்ந்து, சும்மா இருக்க முடியாமல், நிலவேம்பு காய்ச்சியிருந்தாள்.

"மழையில நனைஞ்சு வந்திருக்கறீங்க சாமி. குடிங்க."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். ஆவி முகத்தில் அடித்தது. வாய்வரை கொண்டுபோனார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களைப் பார்த்தார். ஒரு குழந்தை கடைசியாகப் பார்த்த முகம் இது.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்புறம் குடிக்கிறேன். சூடாக இருக்கிறது."

பூவாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நோயாளி முகத்தைப் படித்தவள். எதுவும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்தாள். அவர் எதிரிலேயே பாதியைக் குடித்தாள். மீதியை முன்னால் வைத்தாள். அதையும் அவர் தொடவில்லை.

தூணோரம் நின்றிருந்த அம்மை இதையெல்லாம் பார்த்தார்.

"அம்மா, என்னால் முடியாது" என்றார் ராக்கியண்ணன். "அவர் சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது. அது பிழை என்று தெரியும். ஆனால் அவள் கொடுத்ததைக் குடிக்க முடியவில்லை. இப்படிப்பட்டவன் எப்படி மறுப்பது?"

"இதுவரை நீங்கள் மறுத்ததெல்லாம் உங்களுக்குள் இறங்காத பேச்சு" என்றார் அம்மை. "இப்போதுதான் முதல்முறையாக இறங்கியிருக்கிறது. நாளைக்கு நீங்கள் பேசலாம்."

மறுநாள் பொழுது மேற்கே இறங்கத் தொடங்கியபோது அம்பலம் நிறைந்திருந்தது. ஆற்றுச் சத்தம் அங்கேவரை கேட்டது. புது வெள்ளம். துறையில் பரிசலைக் கட்டிப்போட்டுப் பரிசல்காரன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஆண்கள் பலர் கையில் கூழாங்கற்கள், பரிசலில் ஏற மறுப்பவர்மேல் எறிய. பெண்கள் குழந்தைகளை முந்தானைக்குள் பொதிந்துகொண்டு ஓரமாக நின்றார்கள்.

ராக்கியண்ணன் உருமாலையை அவிழ்த்துக் கருங்கல்லின்மேல் வைத்தார்.

"மடத்துச் சாமிக்குத் தலை கனத்துப்போச்சாட்டமிருக்குது" என்றான் ஒருவன். "எறக்கி வெக்கறாரு."

"தலையே கனமில்லாமப் போகப்போகுது, உடு" என்றான் இன்னொருவன். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அழுகையைவிட மோசமாக இருந்தது.

பூவாத்தாளை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கு நாலு முழம் சுற்றி ஒருவரும் இல்லை. அவள் நிழல்கூட மேலே விழாதபடி ஒதுங்கி நின்றார்கள்.

ராக்கியண்ணன் தொடங்கினார். சென்னியப்பன் சொன்னதைச் சொன்னார். கரியண்ணன் வீட்டைச் சொன்னார். தறிக்காரர் வீட்டைச் சொன்னார். இரட்டைக் குழந்தைகளைச் சொன்னார். மடியில் கிடந்த பிள்ளை முகத்தைப் பார்த்தபடியே கண் நின்றதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. நேற்று கிண்ணத்தை வைத்த கைதான் இப்போது பேசியது.

கூட்டத்தில் தேம்பல் எழுந்தது.

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க, அதேதான். எனக்குக்கூட இத்தனை கோர்வையாச் சொல்ல வரலை."

அதைக் கேட்டதும் கூட்டம் ஓரடி முன்னே நகர்ந்தது. கற்களைக் கைமாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. பூவாத்தாள் ராக்கியண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். எனக்காகப் பேச வந்தாயா, என்னைக் கொல்ல வந்தாயா என்று கேட்கும் பார்வை.

இனித் தாமதித்தால் ஆபத்து. பழைய சபை ராக்கியண்ணனுக்குள் விழித்தது. அங்கே தவறாமல் பலித்த ஒரு வழி அவருக்குத் தெரியும். எதிராளியின் சொல்லைப் பிடித்துக்கொண்டே போய், யாரும் ஏற்க முடியாத ஓர் இடத்தில் கொண்டு நிறுத்துவது. சபை சிரிக்கும். சிரித்தால் எதிராளி முடிந்தான்.

"சாவு விழுந்த வீட்டுக்கெல்லாம் போனவர் எமன் என்றால், இன்னொருவரையும் கேட்கிறேன்" என்றார். "ஒவ்வோர் இழவு வீட்டுக்கும் போய் மாரப்பன் சங்கு ஊதினார். ஒரு வீடும் தப்பவில்லை. அப்படியென்றால் சங்கு ஊதும் மாரப்பனும் எமனா?"

வலக்கை தானாக உயர்ந்தது.

"மறுத்தேன்!"

மடத்தில் இத்தனை நாள் விழுங்கி வைத்த சொல். தூண்களில் மோதி எதிரொலித்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் திரும்பி மாரப்பனைப் பார்த்தார்கள். பாவம், அவர் ஒரு தூணில் சாய்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விரல் அப்படியே நின்றது.

"அவன் சங்கு ஊதினா அடுத்த நாளே இன்னொரு எழவு விழுது" என்றாள் ஒருத்தி.

"முந்தாநாள் சங்கை எடுத்துட்டு எங்க வாசல் வழியாப் போனான். அன்னைக்கு ராத்திரிதான் எங்க புள்ளைக்குக் காய்ச்சல் கண்டுது."

"சாமியே சொல்லிட்டாரு. அவனையும் ஏத்துங்க பரிசல்ல!"

"ஐயோ, நானென்னங்க பண்ணினேன்?" என்று கத்தினார் மாரப்பன். வெற்றிலை கீழே விழுந்தது. நாலு பேர் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து பூவாத்தாளுக்குப் பக்கத்தில் தள்ளினார்கள்.

ராக்கியண்ணன் உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றார். அறிவுள்ள சபைக்குச் சொல்லும் வாதம் அது. பயந்த சபைக்கு ஏற்க முடியாதது என்று ஒன்று உண்டா? ஓர் ஆளைக் காப்பாற்ற வந்தவர் இரண்டாவது ஆளையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டார்.

"இல்லை, நான் சொல்ல வந்தது…" என்றார். யார் காதிலும் விழவில்லை.

அப்போது அம்மை பெண்கள் பக்கத்திலிருந்து முன்னே வந்தார்.

"மணியகாரரே, ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்க அம்மா."

"காய்ச்சல் கண்ட வீட்டுக்குக் கோயில் தீர்த்தம் கொண்டுபோவது யார்?"

"மணியகாரன்தானுங்க. தாத்தன் காலத்து வழக்கம்."

"இந்த முறை எல்லா வீட்டுக்கும் போனீர்களா?"

"ஒரு ஊடு உடலைங்க. மழையில நனைஞ்சுட்டே போனேன்."

"பூவாத்தாள் மருந்து கொடுத்தது அதற்கு முன்பா, பின்பா?"

"பின்னாடிதானுங்க. தீர்த்தம் குடுக்காம மருந்து குடுக்க மாட்டாங்…"

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

அம்பலம் அடங்கியது. ஆற்றுச் சத்தம் மட்டும்.

"ஐயா வந்துட்டுப் போனதுக்கு அப்புறந்தான் எங்க புள்ளைக்கு மூச்சு வாங்குச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெண் குரல். மெல்லத்தான் சொன்னது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"தறிக்காரர் ஊட்டுக்கும் இவருதான் மொதல்ல போனாரு."

"கரியண்ணன் ஊட்டுக்கும்."

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். நேற்றுவரை அவர் வந்தால் எழுந்து நின்ற முகங்கள். இப்போது அவரைச் சுற்றி நாலு முழம் காலியாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற சொந்தத் தம்பியே ஓரடி நகர்ந்தான். கையில் கல் வைத்திருந்தவர்கள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"நானா?" என்றார் சென்னியப்பன். "எம் பையனை நானா?"

அம்மை நடந்துபோய் அவருக்கு முன்னால் நின்றார். முதல் கல் வந்தால் தன்மேல் படும்படி நின்றார்.

"ராக்கியண்ணரே" என்று கூப்பிட்டார். "இப்போது இவருக்காகப் பேசுங்கள்."

"இவருக்காகவா அம்மா?"

"அதே பேச்சுதான். இப்போது இவர் தலையில் விழுந்திருக்கிறது. சீக்கிரம்."

ராக்கியண்ணன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கையை உயர்த்தவில்லை. குரலையும் உயர்த்த முடியவில்லை.

"எனக்கும் பயமாக இருக்கிறது" என்றார். "நேற்று பூவாத்தாள் எனக்குக் கஷாயம் கொடுத்தாள். குடிக்கவில்லை. நல்லது என்று தெரிந்தும் குடிக்க முடியவில்லை. அதனால் உங்கள் பயத்தைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை."

கூட்டம் அவரைப் பார்த்தது.

"ஒன்று மட்டும் கேட்கிறேன். செத்த வீடுகளை எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். மணியகாரர் தீர்த்தம் கொடுத்து, பூவாத்தாள் மருந்து கொடுத்து, எழுந்து உட்கார்ந்த குழந்தை இந்த ஊரில் ஒன்றுகூடவா இல்லை?"

பதில் இல்லை.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள்.

ஏன் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நோய்க்காலத்தில், என் பிள்ளை பிழைத்துவிட்டது என்று எந்தத் தாயும் வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் கண்ணேறு. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பெருமூச்சு விட்டாலே போதும், பிழைத்தது படுத்துவிடும் என்று பயம். அதனால் காய்ச்சல் விட்ட குழந்தையை உள்ளறையிலோ முந்தானைக்குள்ளோ ஒளித்து வைப்பார்கள். கேட்டால், இன்னும் சுகமில்லை என்பார்கள். சாவுக்குச் சங்கு ஊதுவார்கள். பிழைத்ததற்கு ஊதச் சங்கில்லை.

ராக்கியண்ணன் காத்திருந்தார். வெயில் தூண்களின் அடிக்கு இறங்கியது. துறையில் பரிசல்காரன் எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டான்.

நல்லக்காள் முன்னே வந்தாள். முந்தானையை விலக்கினாள். நேற்று பொரி உருண்டை தின்ற சிறுமி.

"கண்ணு பட்டாப் படட்டும்" என்றாள். "இவளுக்கும் அதே காய்ச்சல். தம்பிக்கு முன்னாடியே கண்டுது. இவங்கய்யனும் தீர்த்தம் குடுத்தாரு. பூவாத்தாளும் விடிய விடிய ஒக்காந்திருந்தா. எம் பொண்ணு பொழைச்சுட்டா. ஊருக்குச் சொல்லலை."

சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து நீங்களும் சொல்லலையே. உங்களுக்குத் தெரியாதா?"

சென்னியப்பனுக்குத் தெரியும். துக்கத்தில் அவருக்குச் செத்த பிள்ளை மட்டும்தான் கண்ணில் நின்றது.

கூட்டத்தில் ஒருத்தி மண்ணைத் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். "எம் பையனும் எந்திரிச்சுட்டானுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று மும்முறை துப்பினாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் ஓர் ஆண், தன் வீட்டுக்காரியைப் பயத்தோடு பார்த்துக்கொண்டே, "எங்க ஊட்டுலயும்…" என்றான். அவள் அவன் வாயைப் பொத்தினாள். அதற்குள் சொல்லியாகிவிட்டது. முந்தானைகள் விலகின. எத்தனையோ சின்னத் தலைகள் வெளிச்சத்துக்குக் கூசிக்கொண்டு எட்டிப் பார்த்தன.

சென்னியப்பன் கருங்கல் அருகே போனார். உருமாலையை எடுத்து ராக்கியண்ணன் கையில் கொடுத்தார்.

"என் சொல்லை நான் திருப்பி எடுத்துக்கறேன்" என்றார். பூவாத்தாள் பக்கம் பார்க்க அவருக்கு முகமில்லை. மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. கூட்டம் கலைந்தது. மாரப்பன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். ஓர் ஆள் மட்டும் கல்லைக் கீழே போடவில்லை. கோயிலுக்குப் பின்வீட்டில் இரட்டைக் குழந்தைகளைப் பறிகொடுத்த தகப்பன். கல்லை மடியில் கட்டிக்கொண்டு தலை குனிந்து போனான்.

மடத்துக்குத் திரும்பியபோது விளக்கு வைக்கும் நேரம். ராக்கியண்ணனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. உருமாலையைத் தலையில் கட்டிக்கொண்டார். அவசரத்தில் கட்டு சரியாக விழவில்லை.

"அம்மா, முதலில் கெடுத்துவிட்டேன். ஆனாலும் கடைசியில் மணியகாரரே தம் சொல்லை எடுத்துக்கொண்டார். இது மறுப்புத்தானே? முடிந்ததுதானே?"

"பூவாத்தாள் எங்கே?"

"வீட்டுக்குப் போய்விட்டாள்."

"அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். கூப்பிட வேண்டாம்."

ராக்கியண்ணன் போனார். ஊர்க் கோடியில் அவள் குடிசை. தெருவில் வேறு வீடுகளில் விளக்கு எரிந்தது. அவள் வீட்டில் இல்லை. வாசலருகே போய் நின்றார். உள்ளே கனமான கல்லைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. கதவில் முட்டிய சத்தம். அப்புறம் இன்னொன்று. நின்று கேட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பெண் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. வெளியே நிற்பது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

வரும் வழியில் மாரப்பன் வீட்டையும் பார்த்தார். அங்கேயும் விளக்கில்லை.

திரும்பி வந்து அம்மைமுன் நின்றார்.

"என்ன செய்கிறாள்?"

"விளக்கில்லை அம்மா. கதவுக்கு அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆட்டுக்கல்லையும். மாரப்பன் வீட்டிலும் விளக்கில்லை."

அம்மை எழுந்தார். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாய்களில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இன்னொன்றைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்படியென்றால் இன்னும் மறுத்து முடியவில்லை" என்றார். "நீங்கள் அவள் வாசலில் படுங்கள். மாரப்பன் வாசலுக்கு நான் போகிறேன்."